வாங்குகிறவர் நம் மகளாக இருந்தால்?

‘குதிரை பேரம்’ என்ற சொல்லை நம் செய்தித்தாள்கள் ஆட்சி கவிழும் நேரத்தில்தான் வெளியே எடுக்கின்றன. சட்டமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்குவதற்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை. குதிரை விற்கிறவன் பொய்தான் சொல்வான் என்று உலகம் என்றோ முடிவுகட்டிவிட்டது. அந்த முடிவின்மேல்தான் இந்தச் சொல் நின்றுகொண்டிருக்கிறது. அரசியல்வாதிகள் இதற்காக வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. குதிரைகளோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தம் உண்டு. அதுவும் நானே ஒரு குதிரையை விற்க நேர்ந்திருக்கும் இந்த நேரத்தில் அந்த வருத்தம் சற்று அதிகமாகவே இருக்கிறது.

இராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடை மருத்துவப் பிரிவில் மீரட், சஹாரன்பூர், ஹேம்பூர் என்று சுற்றி, ஓய்வு பெற்றபின் புனேயில் தங்கியவன் நான். சாரங்கேடா சந்தையில் நான்கு வயதில் வாங்கிய கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்றை நானே பழக்கி, சஹ்யாத்ரி மலையின் ஒற்றையடிப் பாதைகளில் பத்து ஆண்டுகள் சவாரி செய்தேன். பெயர் மைனா. இப்போது என் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. சேணத்தில் ஏறுவதை மருத்துவர் தடுத்துவிட்டார். மைனாவுக்கு வயது 14. இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்யக்கூடிய குதிரையை லாயத்தில் கட்டிப் போட்டு வைப்பது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. ஆகவே விற்க முடிவு செய்தேன். செய்தி பரவியதும் நண்பர்கள் சொன்ன அறிவுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: “கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?” இந்த அறிவுரைக்கு என் பதிலே இக்கட்டுரை.

முதலில், மலைப்பாதைச் சவாரிக்குப் பழகிய குதிரை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்தயக் குதிரையை எல்லோருக்கும் தெரியும். வேகம் அதன் பெருமை. கல்யாண ஊர்வலக் குதிரையையும் தெரியும். அலங்காரம் அதன் பெருமை. மலைப்பாதைக் குதிரையின் பெருமை கண்ணுக்குத் தெரியாது. அங்கவடியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்து, லகானைச் சரிசெய்யும்வரை அது அசையாமல் நிற்கும். ஓடையைக் கண்டால் மோந்து பார்த்துவிட்டு இறங்கும். செங்குத்தான இறக்கத்தில் பின்னங்கால்களை அடியில் வாங்கி, ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கும். முன்னால் போகும் குதிரைகள் பாய்ந்து ஓடினாலும் தன் நடையை விடாது. புதரிலிருந்து காடை படபடத்துக் கிளம்பினால் ஒருமுறை திடுக்கிடும். ஆனால் திரும்பி ஓடாது. துணைக் குதிரைகள் இல்லாமல் தனியாகவும் வீட்டை விட்டுக் கிளம்பும். இதில்தான் பல குதிரைகள் தோற்றுப்போகின்றன.

கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் குதிரையைப் பற்றிய பழமொழி நமக்குத் தெரியும். கடிவாளத்துக்கும் தானே வாயைத் திறக்கும் குதிரையை உண்டாக்க ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒருநாள் அடித்தால் ஒரு மாத உழைப்பு வீணாகும். அப்படிப் பழகிய குதிரையின்மீது ஏறுகிறவர் தம் உயிரையே அதன் நான்கு கால்களிடம் ஒப்படைக்கிறார். அந்தக் கால்களைப் பற்றிய உண்மையை மறைத்து விற்பது, பிரேக் பழுதான வண்டியை வண்ணம் பூசி விற்பதைப் போன்றது.

நம் நாட்டுச் சந்தைகளில் இந்தக் குணங்களுக்கு விலை உண்டா? புஷ்கரிலும், தபதிக் கரையில் தத்த ஜெயந்தியை ஒட்டிக் கூடும் சாரங்கேடாவிலும், நம் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவிலும் குதிரை வாங்க வருகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது சுழி. கழுத்தில் ‘தேவ்மன்’ சுழி இருந்தால் விலை ஏறும். ஆகாத இடத்தில் சுழி இருந்தால் தங்கமான குதிரையும் திரும்பிப் போகும். அடுத்தது நிறம். வெள்ளைக் குதிரைக்கு ஊர்வலக்காரர்களிடம் எப்போதும் மவுசு. அதற்கடுத்தது காதின் வளைவு; இரு காதுகளின் நுனியும் ஒன்றையொன்று தொட்டால் வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடும். பிறகு முரசுக்கு ஆடுமா என்று பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசி விலை படிந்துவிடும். இது ஓடையைத் தாண்டுமா, இறக்கத்தில் நிதானிக்குமா என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்காத குணத்தை விற்கிறவர் எதற்கு வளர்ப்பார்? வாங்குகிறவர் கேட்காத குறையை எதற்குச் சொல்வார்?

இந்த நோய் புதியதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கடற்கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இறக்குமதியானதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிந்துபோனதையும் சொல்லியிருக்கிறார். குதிரை வைத்தியர் எவரும் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! வாங்குகிறவரின் அறியாமையை முதலீடாக வைத்த தொழிலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

குதிரை விற்பனை என்றால் தமிழர் நினைவுக்கு வருவது திருவிளையாடல் கதை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட்டார் வாதவூரர். அவருக்காகச் சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். அங்கே கயிறு மாற்றிக் கொடுத்தார். விற்றவர் கயிறு போய் வாங்கியவர் கயிறு ஏறிவிட்டால் பிறகு விற்றவரிடம் வழக்குப் பேச முடியாது என்பது அன்றைய வணிக மரபு. அன்றிரவே பரிகள் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அடி வாதவூரருக்கு விழுந்தது. அடியாரின் பெருமையை உலகுக்குக் காட்ட இறைவன் ஆடிய விளையாட்டு அது. அந்த விளையாட்டை நாமும் ஆடுவது என்ன நியாயம்? கயிறு மாறியதும் என் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லும் உரிமையை இந்தக் கதை நமக்குக் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி என்றால் என்ன என்று விளக்கும் 17-ஆவது பிரிவைப் பாருங்கள். அங்கே உதாரணத்துக்கு நிற்பதும் ஒரு குதிரைதான்! உடற்குறை உள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார்; குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். நண்பர்களின் அறிவுரைக்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அடுத்த உதாரணத்தையும் படிக்க வேண்டும். வாங்குகிறவர் விற்கிறவரின் மகள், அப்போதுதான் பருவ வயதை எட்டியவள் என்றால், குதிரையின் குறையைச் சொல்வது தந்தையின் கடமை. மூன்றாவது உதாரணம்: “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை குறையற்றது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குகிறவர் சொல்லி, விற்கிறவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

என் கருத்து முழுவதும் இந்த இரண்டாவது உதாரணத்தில் அடங்கியிருக்கிறது. வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் அவரை நம் மகளாக நினைத்துப் பேச வேண்டும். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மையே. நம் வீட்டுப் பெண்ணை அந்தக் குதிரைமேல் ஏற்றி மலைக்கு அனுப்புவதானால் எதையெல்லாம் சொல்லி அனுப்புவோமோ, அதையெல்லாம் அந்நியருக்கும் சொல்வதுதான் நேர்மை. வாங்குகிறவர்களுக்கும் மூன்றாவது உதாரணத்தில் ஒரு பாடம் உண்டு: வாய் திறந்து கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். கேட்டபின் கிடைக்கும் மௌனத்துக்குச் சட்டத்தில் வேறு மதிப்பு.

“எல்லாவற்றையும் சொன்னால் யார் வாங்குவார்?” என்று கேட்கலாம். என் அனுபவத்தையே சொல்கிறேன். மைனாவிடம் குறைகள் இரண்டு. வலது முன்னங்காலில் பழைய தசைநார்க் காயம் ஒன்று உண்டு. கல் நிறைந்த இறக்கத்தில் மூன்று மணி நேரத்துக்குமேல் நடந்தால் மறுநாள் காலையில் சற்று வீங்கும். குடையை அருகில் விரித்தால் மிரளும்; பத்து ஆண்டு முயன்றும் இந்தப் பயம் போகவில்லை.

முதலில் வந்தவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். நான் சொன்ன விலைக்குமேல் இருபதாயிரம் தருவதாகச் சொன்னார். அவர் தொழிலை நான் பழிக்கவில்லை. அதை நம்பி அவர் குடும்பம் இருக்கிறது. ஆனால் பட்டாசு, ஜெனரேட்டர், நூறு விளக்கு, நடுவே விரியும் அலங்காரக் குடை! மிரண்டால் கீழே விழுவது மாப்பிள்ளை, அடிபடுவது குதிரை. காரணத்தைச் சொல்லி மறுத்தேன்.

இரண்டாமவர் பெரிய காரில் வந்தார். பன்னிரண்டு வயது மகனுக்குக் குதிரை வேண்டும் என்றார். “மருத்துவச் சான்றெல்லாம் எதற்கு, உங்கள் முகத்தைப் பார்த்தாலே போதும்” என்று பணக்கட்டை எடுத்தார். நான் காலைப் பற்றியும் குடையைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இவ்வளவு சொல்கிறவர் இன்னும் எவ்வளவு மறைக்கிறாரோ என்று நினைத்திருப்பார் போலும். அதன்பின் வரவில்லை. நேர்மையைக் கண்டால் சந்தேகம் வருகிற அளவுக்கு இந்தச் சந்தை கெட்டிருக்கிறது.

மூன்றாவதாக வந்தது ஓர் இளம்பெண், பள்ளி ஆசிரியை. மூன்று முறை வந்தார். முதல் முறை, “சேணம் போட வேண்டாம், குதிரையை மேய்ச்சலிலேயே விடுங்கள், நானே போய்ப் பிடிக்கிறேன்” என்றார். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். இரண்டாம் முறை அந்த வலது காலைச் சோதிக்கக் கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். மூன்றாம் முறை மழையில் வந்தார், கையில் குடையோடு! எவ்வளவு தூரத்தில் மிரள்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு விலையில் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். முப்பது நாள் வைத்துப் பார்த்துப் பிடித்தால் வாங்கிக்கொள்வது என்று எழுதிக்கொண்டோம். ஒப்புதலின்பேரில் சரக்கை ஒப்படைக்கும் இந்த முறையைச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, 24-ஆவது பிரிவில் ஏற்றுக்கொள்கிறது. இதை எழுதும்போது பன்னிரண்டு நாட்கள் ஆகியிருக்கின்றன. அவர் திருப்பி அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்லை.

கணக்குப் பார்த்தால் எனக்கு முப்பத்தைந்தாயிரம் நஷ்டம் என்கிறார்கள் நண்பர்கள். நான் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறேன். பொய்யை நம்பி வாங்கியவர், மறு வாரமே குறையைக் கண்டுபிடிப்பார். ஏமாந்த கோபத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். வாங்கியவர் அடுத்தவரிடம் தள்ளுவார். இப்படி மூன்று கை மாறிய குதிரை கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: செங்கல் சூளை வண்டிக்கு. விற்கிறவர் மறைத்த குறைக்கு, வாங்கியவர் பணத்தால் பாதி விலை கொடுத்தால், மீதியைக் குதிரை தன் முதுகால் கொடுக்கும். குறை தெரிந்து வாங்கியவரோ குதிரையைத் தள்ளிவிட மாட்டார். அதற்கேற்றபடி வேலை வாங்குவார்.

வாங்க நினைக்கும் நம் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். வயதை வாயில் பாருங்கள். ஐந்து வயதில் முன்பற்கள் முழுவதும் நிலைப்பற்களாகியிருக்கும். மேல்வரிசைக் கடைசி முன்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு ஏறத்தாழ பத்து வயதில் தோன்றி, 15-இல் பாதிப் பல்லுக்கும், 20-இல் முழுப் பல்லுக்கும் இறங்கும். பல்லை அராவி வயதைக் குறைக்கும் வித்தைக்காரர்கள் உண்டு. ஆகையால் ஒரு பல்லை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் வருமுன்பே குதிரைக்குச் சேணம் போட்டு வியர்க்க ஓட்டி வைத்திருந்தால், “ஓய்வாக இருக்கும்போது பார்க்க வேண்டும்” என்று சொல்லி மறுநாள் சொல்லாமல் போங்கள். நொண்டலை மறைக்க வலி மருந்தும், முரட்டுத்தனத்தை மறைக்க மயக்க மருந்தும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சில நாள் இடைவெளி விட்டு இரண்டு, மூன்று முறை பார்ப்பதும், இரத்தப் பரிசோதனையும்தான் இதற்கு மாற்று. காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுக் கோளாறு இருந்தால் முதல் சில அடிகளில் தெரிந்துவிடும். முதலில் விற்கிறவரையே ஏறி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்கள் ஏறாதீர்கள்.

கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய். உறுதியானால் குதிரையைக் கொன்றாக வேண்டும் என்பதே சட்டம். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களை ஆராய்வதற்காகவே இருக்கிறது. உங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவரிடம் போனால் இரத்த மாதிரி எடுத்து அனுப்பும் வழியைச் சொல்வார்.

நம் மராட்டிய மாநிலத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வண்டிகள் நுழையாத மாதேரானில் தலைமுறைகளாகக் குதிரைகளே மனிதரைச் சுமந்தன; 2022 டிசம்பரில் அங்கே மின் ரிக்‌ஷாக்கள் சோதனை ஓட்டமாக வந்தன. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாக்களை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கொடுமை ஒழிவதை யாரும் வரவேற்பார்கள். ஆனால் தொழில் மாறும்போதெல்லாம், பழகிய குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. ஆயிரம் முறை ஒரே மலையை ஏறி இறங்கிய குதிரையை, “சாதுவானது, குழந்தைகூட ஓட்டலாம்” என்ற ஒரே வரியில் விற்றுவிடுகிறார்கள். அந்தப் பாதையில்தான் அது சாது. நெடுஞ்சாலையில் லாரியின் ஹாரனுக்கு என்ன செய்யும் என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது.

ஏழைக் குதிரைக்காரரிடம் நேர்மையை மட்டும் உபதேசிப்பது சுலபம். குறையைச் சொன்னால் அவருக்கு ஒரு மாத அடுப்பெரிக்கும் பணம் போய்விடும். ஆகவே வாங்குகிறவர்கள், நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தார், உண்மை சொன்னவரிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசக் கூடாது. குறை சொன்னவருக்குக் கொடுக்கும் நியாயமான விலையே அடுத்தவரையும் உண்மை பேச வைக்கும்.

குதிரை 25 ஆண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட வாழும். நாம் சவாரி செய்யும் காலம் அதில் பாதி. மிருகவதைத் தடைச் சட்டம், 1960, பட்டினியால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதையும், கொடுமையால் வலியோடு இருக்கும் பிராணியை விற்பனைக்கு வைப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் கைவிடுவதற்கும் பொய் சொல்லி விற்பதற்கும் இடையே இருக்கும் தூரம் மிகக் குறைவு. எனவே விற்கும் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வேண்டாம் என்று தோன்றினால், வேறு யாருக்கும் விற்குமுன் என்னிடம் சொல்ல வேண்டும். ஆசிரியையிடம் நான் எழுதி வாங்கிய ஒரே நிபந்தனை இதுதான். என் லாயத்தில் மைனாவின் இடத்தை அதற்காகவே காலியாக வைத்திருக்கிறேன்.

நம் சங்க உறுப்பினர்களில் குதிரை வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். ஆனால் லோணாவாலாவுக்கும் மகாபலேஷ்வருக்கும் மாதேரானுக்கும் குழந்தைகளோடு போகாத குடும்பம் இருக்காது. அடுத்த முறை குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன், குதிரைக்காரரிடம், “இதற்கு எதைக் கண்டால் பயம்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். “எதற்கும் பயப்படாது” என்றால் அடுத்த குதிரைக்காரரிடம் போங்கள். இன்னதைக் கண்டால் மிரளும் என்று சொல்கிறவரின் குதிரையில் ஏற்றுங்கள். அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.